தமிழில் படிக்க இங்கே அழுத்தவும்

இது நடந்தது போன வருடம், யாழ்ப்பாணத்து இணுவிலில், இரண்டாம் தவணைப் பரீட்சைத் தாள்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து நான் திருத்திக்கொண்டிருந்த நாட்களில். இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலே என் குரல் உயர்ந்துவிடுகிறது என்று கூடப் படிப்பிக்கும் சிநேகிதிகள் சொல்கிறார்கள். உயராமல் என்ன செய்யும்?

என் கணவர் தோட்டக்காரர். செம்மண் நிலத்தில் கத்தரியும் மிளகாயும் வைத்து, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோவார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இவர் பிளேன்டீயைத் தவிர வேறொன்றையும் தொடாதவர். வெற்றிலை கூடப் போடமாட்டார். ஊரில் பொடியன்கள் கண்டதையும் பாவித்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த பிறகு, எங்கள் சனசமூக நிலையத்தில் போதைக்கு எதிராகக் கூட்டம் வைப்பதும், வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பனோடு கதைப்பதும் இவருக்குத் தோட்டத்துக்கு அடுத்த வேலையாகவே போய்விட்டது.

அந்த வருடம் மாசி மாதம் அளவில் இவருடைய இடது கண்ணிமை சரியத் தொடங்கியது. காலையில் எழும்பும்போது ஒன்றும் தெரியாது. பின்னேரமானால், பாதி பூட்டிய கடை மாதிரி இமை இறங்கி நிற்கும். வெயிலில் நின்ற களைப்பு என்று விட்டுவிட்டோம். பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினார். கேட்டால், மென்று மென்று தாடை களைத்துப்போகிறது என்பார். மனிதருக்குச் சாப்பிட்டுக் களைக்குமா என்று நான் பகிடி பண்ணினேன்.

பகிடி பகிடியாக இருக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் சனசமூக நிலையக் கூட்டத்தில் இவர் எழும்பிப் பேசினார். வழக்கமாகக் கணீரென்று பேசுகிற மனிதர். கொஞ்ச நேரத்தில் நாக்குத் தடுமாறி, சொல்லெல்லாம் மூக்கால் வரத் தொடங்கியது. இமை வேறு இறங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த யாரோ, "அண்ணை இண்டைக்குக் கொஞ்சம் போட்டிட்டுத்தான் வந்திருக்கிறார் போலை" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். போதைக்கு எதிரான கூட்டத்தில். இவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒருநாள், வீதியில் இரண்டு மின்கம்பம் தெரிகிறது, எது உண்மையான கம்பம் என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு, லான்ட்மாஸ்டரைக் கொண்டுபோய் வேலிக்குள் விட்டார். அதோடுதான் கண் டொக்டரிடம் போனோம். அவர் கண்ணில் பிழையில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரி நரம்புக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே ஒரு இளம் பெண் வைத்தியர் இவரை மேலே பார்க்கச் சொல்லி, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, இரத்தம் எடுத்து, பிறகு வந்த நாளில் நோயின் பெயரைச் சொன்னார். மயஸ்தீனியா கிராவிஸ். நிர்ப்பீடனத் தொகுதி சொந்த உடலையே தாக்குவதால் வருவது என்றும் சொன்னார். வெளியே நீள வாங்குகளில் இருக்க இடமில்லாமல் ஆட்கள் காத்திருந்தார்கள். நாங்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம்.

"என்னவாம்?" என்று கேட்டார் இவர்.

"நரம்பாம்" என்றேன்.

அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

இரண்டு வகை மாத்திரை தந்தார்கள். ஒன்று பகலில் சில மணித்தியாலத்துக்கு ஒருதரம் போடுவது. மற்றது காலையில் போடும் ஸ்டீரொய்ட். மாத்திரை போட்டு அரை மணித்தியாலத்துக்குள் இவருடைய இமை மேலே போகும். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதிசயமாக இருக்கும். நேரம் தப்பினால் திரும்பவும் இறங்கும். ஸ்டீரொய்ட் போடத் தொடங்கியதும் பசி கூடியது, முகம் கொஞ்சம் ஊதியது, நித்திரை குறைந்து எந்நேரமும் ஒரு பரபரப்பு. ஆனால் சாப்பிட்டார், கதைத்தார், தோட்டத்துக்குப் போனார். நான் அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதிக்குள்தான் இன்டர்நெட் வந்தது.

கனடாவில் இருக்கும் இவருடைய அண்ணர் நோயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த நாளே வாட்சப்பில் வீடியோக்கள் வந்து இறங்கின. ஒன்றில் நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் பூச்செண்டுக்குப் பின்னால் இருந்து பேசினார். கத்தரிக்காயும் தக்காளியும் சாப்பிடுவதால்தான் நரம்பு தளர்கிறதாம். இங்கிலீஷ் மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அவர் விற்கிற சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் போதுமாம். கத்தரித் தோட்டத்தில் நின்றபடி இவர் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது. இன்னொன்றில் ஒரு பெண், மூச்சுப் பயிற்சி செய்தால் எந்தத் தன்னுடல் நோயும் ஓடிவிடும் என்றார். சொல்லவேண்டும், நல்ல தமிழ். சின்னச் சின்ன வசனம், நிறுத்தி நிதானமாக, சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி. எல்லாம் பொய் என்பது ஒன்றுதான் குறை.

நான் அத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணருக்குப் போன் எடுத்து, இப்படியானதை அனுப்பவேண்டாம் என்று தன்மையாகச் சொன்னேன். "பிள்ளை, ஒரு லட்சம் பேர் பாத்திருக்கினம், பொய்யெண்டால் பாப்பினமே?" என்றார் அவர். பனிக்குள் இருந்துகொண்டு தம்பிக்காகக் கவலைப்படுகிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? போனை வைத்துவிட்டேன்.

சரி, நாங்களே நல்ல இடத்தில் பார்ப்போம் என்று நான் ஆங்கிலத்தில் தேடினேன். வெளிநாட்டில் பேர்போன ஒரு மருத்துவத் தளம் வந்தது. நான் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவள். முதல் பந்தியை மூன்றுதரம் வாசித்தேன். அசற்றைல்கோலீன் ஏற்பிகளைப் பிறபொருளெதிரிகள் தடுப்பது பற்றி ஏதோ இருந்தது. ஒரு சொல்லுக்கு அகராதி பார்த்தால், அந்த அகராதி விளக்கத்துக்கு இன்னொரு அகராதி தேவைப்பட்டது. பக்கத்தின் மேலே ஒரு பொத்தான் இருந்தது. தமிழில் படிக்க இங்கே அழுத்தவும். இவரும் பக்கத்தில் இருந்தார். அழுத்தினோம்.

வந்தது தமிழா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். எழுத்து தமிழ்தான். நோயின் பெயரே 'கல்லறைத் தசை பலவீனம்' என்று வந்திருந்தது. கிராவிஸ் என்ற சொல்லை, கல்லறைக்கான ஆங்கிலச் சொல்லான கிரேவ் என்று எடுத்து, இயந்திரம் கல்லறையாக்கிவிட்டது. தன்னுடலைத் தாக்கும் நோய் என்று வரவேண்டிய ஓரிடத்தில் இது ஒரு 'தானியங்கி நோய்' என்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"கல்லறை எண்டெல்லே கிடக்கு" என்றார்.

அது மெசினின் பிழை, டொக்டர் சொன்னதைக் கேட்டு மருந்தைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு நான் பரீட்சைத் தாளோடு குந்திவிட்டேன். இவர் அந்தப் பக்கத்தைத் தன்னுடைய போனிலும் எடுத்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை இவருடைய இமை திரும்பவும் இறங்கத் தொடங்கியது. இந்த முறை இரண்டு பக்கமும். படியேறினால் நின்று மூச்சு வாங்கினார். மாத்திரை போட்டீர்களோ என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஓம் ஓம் என்றார். நோய் கூடிவிட்டதோ, மருந்து பிடிக்கவில்லையோ என்று நான் திரும்பவும் போனைத் தோண்டினேன். ஒரு தளம் ஓய்வு எடுக்கச் சொன்னது. ஒன்று உடற்பயிற்சி செய்யச் சொன்னது. ஒன்றில் இந்த நோய் உள்ளவர்கள் சாதாரணமாக வாழலாம் என்று இருந்தது. அதற்குக் கீழேயே மூச்சு நின்று செத்துப்போனவரின் கதை இருந்தது. கிளினிக் நாளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்கு முதல் கொண்டுபோவோம் என்று கேட்டால், வேண்டாம், வெயில்தான் காரணம் என்று தட்டிக் கழித்தார்.

சனிக்கிழமை மத்தியானம். சோறும் பருப்பும் கீரையும் வைத்திருந்தேன். மென்று விழுங்கமாட்டார் என்று நன்றாகக் குழைத்துத்தான் கொடுத்தேன். இரண்டு வாய் வைத்தார். மூன்றாவது உள்ளே போகவில்லை. தண்ணீரைக் கொடுத்தேன். குடித்த தண்ணீர் மூக்கால் திரும்பி வந்தது. முகத்தைத் தூக்கிப் பிடிக்கப் பார்க்கிறார், கழுத்து நிற்கவில்லை, தலை நெஞ்சில் விழுகிறது. மூச்சு மேலே மேலே, சின்னச் சின்னதாக, நெஞ்சுக்குள் இறங்காமல் ஓடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சத்தம் வரவில்லை.

அம்புலன்சுக்குப் போன் அடித்துவிட்டு, அது வரும்வரை நிற்கப் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தன்னுடைய வானை எடுத்தார். பின்சீட்டில் இவருடைய தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, காங்கேசன்துறை வீதியில் அந்த மத்தியான நேரத்துச் சனத்துக்குள் போனது ஒரு யுகம் மாதிரி இருந்தது. இவருடைய மூச்சை என் காதால் எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் கடைசியோ என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் அதிர்ஷ்டத்துக்கு அதே பெண் வைத்தியர்தான் நின்றார். பார்த்த உடனேயே அவருடைய முகம் மாறிவிட்டது. கட்டிலில் ஏற்றி ஒக்சிசன் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மருந்து ஒழுங்கா எடுத்தவரோ அம்மா?"

"ஓம் டொக்டர். ஒருநாளும் விடேல்லை" என்றேன். நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

கட்டிலில் கிடந்த இவர் எங்களைப் பார்த்தார். ஒக்சிசன் மூடிக்குள் இருந்துகொண்டு, இருந்த பலமெல்லாம் சேர்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினார். இல்லை.

வைத்தியர் தாதியைக் கூப்பிட்டார். "தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போறம்" என்று மட்டும் சொன்னார். மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். நாளத்தால் ஊசி மருந்து ஏற்றினார்கள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். பயமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏன் நிறுத்தினார்? அந்தச் சூரணக்காரரா? அத்தானா? வீட்டில் தேன்போத்தல் ஒன்றும் புதிதாக இல்லையே? பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்து ஓம் ஓம் என்றாரே, அது எப்படி வந்தது? குழாய் எடுக்கட்டும், இந்த மனிதரை உரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, எடுத்தால் போதும், ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அம்மனைக் கும்பிட்டேன்.

குழாயை எடுத்து, வாட்டுக்கு மாற்றி, கஞ்சி விழுங்கத் தொடங்கிய நாளில்தான் இவர் வாயைத் திறந்தார். நான் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னார்.

"அந்தப் பக்கத்திலை, உந்த மருந்தைப் போதைப்பொருள் எண்டு போட்டுக் கிடந்தது."

எனக்கு விளங்கவில்லை. அவருடைய போனை எடுத்துத் திறந்தேன். அதே மருத்துவத் தளம், அதே தமிழ்ப் பக்கம். கீழே மருந்துகள் பற்றிய பகுதி. அதில் தனியாகப் பெட்டி கட்டி இப்படி எழுதியிருந்தது: "உங்கள் மருத்துவரின் ஆலோசனை இன்றி இந்தப் போதைப்பொருளைத் திடீரென நிறுத்த வேண்டாம்."

ஆங்கிலத்தில் மருந்துக்கும் போதைப்பொருளுக்கும் டிரக் என்ற ஒரே சொல்லைத்தான் பாவிப்பார்கள். அது எனக்குத் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியவில்லை. பக்கம் முழுக்க, மருந்து வரவேண்டிய இடத்தில் எல்லாம் போதைப்பொருள் நின்றது. போதைப்பொருளைச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கவும். போதைப்பொருளின் அளவை மருத்துவர் மெதுவாகக் கூட்டுவார்.

"நிப்பாட்ட வேண்டாம் எண்டெல்லே போட்டிருக்கு, வாசிக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"அதாலைதான் நம்பினனான்" என்றார். "திடீரெண்டு நிப்பாட்டேலாதெண்டால் அது பழகிப்போற சாமான்தானே. போட்டால் கண் திறக்குது, போடாட்டில் விழுந்துபோகுது. நித்திரை இல்லை, உடம்பெல்லாம் பரபரக்குது. நான் எத்தினை வீட்டிலை போய் இதைத்தானே சொல்லிக்குடுத்தனான்? எனக்குத் தெரியாதே அது எப்பிடி இருக்குமெண்டு?"

எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"ஊர் ஏற்கெனவே சிரிச்சுப்போட்டுது. நீர் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறனீர். வீட்டிலை புருசன் உதிலை விழுந்திட்டான் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? சத்தம் போடாமல் விட்டிடுவம் எண்டு நினைச்சனான்."

மாத்திரைகளை ஒவ்வொரு நாளும் எண்ணி எடுத்து, தோட்டத்துக்குக் கொண்டுபோய், கிடங்கு வெட்டிப் புதைத்திருக்கிறார். பிள்ளைகள் எவரும் எடுத்துவிடக்கூடாது என்று ஆழமாக வெட்டினாராம். உரிக்கவேண்டும் என்று நினைத்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்று பின்னேரம் வைத்தியர் வந்தபோது போனை நீட்டினேன். அவர் அந்தப் பெட்டிக்குள் இருந்ததை வாசித்தார். திரும்பவும் ஒருதரம் வாசித்தார். "அந்த ஒரு சொல்லை விட்டால், சொல்லியிருக்கிற விசயம் சரிதான் அம்மா. நல்ல தளம். நாங்களும் ஆங்கிலத்திலை இதைத்தான் பாக்கிறனாங்கள்" என்றார்.

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல். பொய் சொன்ன சூரணக்காரர் இவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் விற்கிறவர் என்று இவருக்கே தெரிந்திருந்தது. சரியான விசயத்தை, சரியான இடத்தில், பெட்டி கட்டிச் சொன்ன பக்கம்தான் இவரை மூச்சுக் குழாய்வரை கொண்டுபோனது.

ஆனால் அந்த வைத்தியர் பிறகு செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். இவரிடமே நேராகக் கதைத்தார். "ஐயா, கையைத் தூக்கு எண்டு மூளை சொல்லுது. நரம்பு அந்தச் செய்தியைக் கொண்டு வருது. தசை வாசல்லை நிண்டு வாங்கவேணும். உங்கடை உடம்பிலை கிருமியோடை சண்டை பிடிக்க இருக்கிற ஆக்கள், ஆள் மாறி அந்த வாசலை அடைச்சுப்போட்டினம். பகல்லை போடுற குளிசை, செய்தியைக் கொஞ்ச நேரம் கூட நிக்க வைக்கும். மற்றது, அடைக்கிற ஆக்களை அடக்கும். வெறிக்கிற சாமான் இல்லை. ஆனால் ஸ்டீரொய்டை உடம்பு தானும் கொஞ்சம் செய்யிறது. நாங்கள் வெளியிலை இருந்து குடுத்தால் அது செய்யிறதை விட்டிடும். அதாலைதான் மெல்ல மெல்லக் குறைக்கவேணும்."

இவர் கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பி இருந்தார். பிறகு, "அப்ப அது கள்ளச் சாமான் இல்லை" என்றார்.

"இல்லை ஐயா."

மருத்துவம் படிக்காத எங்கள் இருவருக்கும் அத்தனையும் விளங்கியது. பெரிய சொல் ஒன்றுகூட இருக்கவில்லை. ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூடப் போயிருக்காது. ஒரு நோயாளிக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் வெளியே வாங்கில் இருக்கிறவர்களின் கதி என்ன என்றும் எனக்குத் தெரியும், அதனால் கிளினிக்கில் ஏன் இப்படிச் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. யாரைத்தான் கோபிப்பது? அதுவும் ஒரு எரிச்சல்.

இவர் இப்போது நன்றாக இருக்கிறார். மாத்திரை போடுகிறார், தோட்டத்துக்குப் போகிறார், லான்ட்மாஸ்டரைப் பகலில் மட்டும் ஓட்டுகிறார். சனசமூக நிலையத்துக்கும் திரும்பப் போனார். எல்லோருக்கும் முன்னால் தனக்கு வந்த நோய் என்ன என்று சொன்னாராம். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர் பிறகு வீட்டுக்கே வந்து, தன் தாயாருக்கும் கண்ணிமை இப்படித்தான் சரிகிறது என்று சொல்லி, எந்தக் கிளினிக் என்று கேட்டுக்கொண்டு போனார்.

நான் அந்தத் தளத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுதினேன். எந்தப் பக்கம், எந்தச் சொல், என்ன நடந்தது, எப்படித் திருத்தவேண்டும், எல்லாம் எழுதினேன். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதுவும் தமிழில். என் கருத்து அவர்களுக்கு மதிப்புமிக்கதாம், என் உடல்நிலை பற்றித் தகுந்த சுகாதார வழங்குநரை அணுகவேண்டுமாம். போன கிழமையும் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்து மாறவில்லை. அத்தான் இன்னும் வீடியோ அனுப்புகிறார், ஆனால் இப்போது முதலில் எனக்கு அனுப்பி, இது சரியோ பிள்ளை என்று கேட்கிறார். அதுவரைக்கும் நல்லது.

பள்ளிக்கூடத்திலும் ஊரிலும் யாராவது போனை நீட்டி, இன்டர்நெட்டில் இப்படிக் கிடக்கிறதே என்றால், முன்பெல்லாம் அது உண்மையோ பொய்யோ என்றுதான் பார்ப்பேன். இப்போது அதற்கு முதல், வாசித்ததில் உங்களுக்கு என்ன விளங்கியது, சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருக்கப் பழகியிருக்கிறேன்.